கேட்டை என்னும் துளங்கொளி

வணக்கம் நேயர்களே. என் அக்கா மகளின் நட்சத்திரம் கேட்டை. போன வருடம் வரன் பார்த்தபோது, கேட்டைப் பெண் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு வீட்டில் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவே அவளை நம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு அழைத்துப்போய் அந்தக் கேட்டையைக் காட்டினேன்.

ஜூலை நடுவில், இரவு பத்து மணிக்கு, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளுக்கு மேலே நன்றாக அண்ணாந்து தெற்கே பாருங்கள். செம்பு நிறத்தில் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும், நம் ஊர் வெளிச்சத்திலும் தெரியும். அரபு மொழியில் அது தேளின் இதயம். சீனர்களுக்குப் பெருநெருப்பு. கிரேக்கப் பெயர் அன்டாரஸ், செவ்வாய்க்குப் போட்டி என்று அர்த்தம். இரண்டும் ஒரே சிவப்பு. எனக்குப் பிடித்தது நம் பழைய தமிழ்ப் பெயர், துளங்கொளி. அசைந்து அசைந்து ஒளிர்வது. பார்த்துப் பார்த்து வைத்த பெயர்!

கேட்டை என்பது ஜ்யேஷ்டா என்ற வடசொல்லிலிருந்து வந்தது, பொருள் மூத்தவள். மூத்தவள் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூத்த அண்ணனுக்கு ஆகாது என்று கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் நட்சத்திரம் கேட்டை என்றால், அவர் பிறந்தபோது நிலா வானத்தின் அந்தப் பக்கம் நின்றது, அவ்வளவுதான். 27 நட்சத்திரத்திலும் ஏறக்குறைய ஒவ்வொரு நாள் தங்குகிறது, அப்படியென்றால் 27 பேரில் ஒருவர் கேட்டைதானே?

அந்த நட்சத்திரம் எப்பேர்ப்பட்டது தெரியுமா? சூரியனைப் போல சுமார் 700 மடங்கு அகலம். சூரியன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள். மேற்பரப்பு வெப்பம் மட்டும் சூரியனைவிடக் குறைவு, சுமார் 3,400 டிகிரி செல்சியஸ், அதனால்தான் அந்தச் சிவப்பு. தூரம் சுமார் 550 ஒளியாண்டு. அன்று எங்கள் கண்ணில் பட்ட வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது மலாக்காவில் சுல்தான்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

அப்புறம், அது தனியாக இல்லை. சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழரான நாராயண பிள்ளை, ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு இங்கே வந்திறங்கிய அதே 1819-இல், வியன்னாவில் ஒருவர் நிலா கேட்டையை மறைத்து விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வெளியே வந்தது கேட்டை இல்லை, பக்கத்திலிருந்த மங்கலான துணை நட்சத்திரம், சில நொடிகள் கழித்துத்தான் சிவப்பு வந்தது.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துதா மாமா?" என்று கேட்டாள். ஆமாம்மா, ஒரு சுற்றுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். கடைசி பஸ் போகும்வரை அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.