மொஹாவே டெசர்ட் ஸ்டார்: தரையோடு ஒட்டிய குட்டிப் பூவை அடையாளம் காண்பது எப்படி?

(காட்சி: சரளைத் தரை, நடுவில் வெள்ளைப் பூ)

பிப்ரவரி முதல் மே வரை, கலிபோர்னியாவின் மொஹாவே, சொனோரன் பாலைவனங்களில் மணலும் சரளையும் கலந்த தரையைக் குனிந்து பாருங்கள். வெள்ளை இதழ், மஞ்சள் நடு, இரண்டு சென்டிமீட்டர்கூட வராத பூ. டெசர்ட் ஸ்டாராக இருக்கலாம். ஆனால் அதே தோற்றத்தில் வேறு பூக்களும் அங்கே உண்டு.

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிந்துபோகும் செடி இது. மழை குறைந்தால் ஒற்றைப் பூவோடு நின்றுவிடும். நல்ல மழை கண்டால் ஒரு சாண் அகலத்துக்குப் படர்ந்து பூக்கும். அதனால் செடியின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

(காட்சி: இலை, மிக அருகில்)

பலரும் குழம்புவது வெள்ளை எரியோஃபில்லம் என்ற இன்னொரு பாலைவனப் பூவோடுதான். முதலில் ரோமத்தைப் பாருங்கள். டெசர்ட் ஸ்டாரின் ஒடுங்கிய இலையில் ரோமம் விறைப்பாக, தனித்தனியாக நிற்கும். எரியோஃபில்லத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் பின்னிக் கிடக்கும். அடுத்து, இதழை எண்ணுங்கள். எரியோஃபில்லத்தில் ஐந்து முதல் பத்து; டெசர்ட் ஸ்டாரில் பெரும்பாலும் பன்னிரண்டுக்கு மேல். டெசர்ட் ஸ்டார் பூ இலைகளின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். எரியோஃபில்லமோ தனிக்காம்பில் தூக்கி நிற்கும்.

இதழின் அடிப்பக்க இளஞ்சிவப்பை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். எரியோஃபில்லத்திலும் சிவப்பு நரம்பு ஓடுவதுண்டு. இதழ் நுனி மூன்றாகப் பிளந்திருந்தால் அது வெள்ளை லேயா என்ற வேறொரு பூ, இந்த இரண்டுமே இல்லை.

(காட்சி: லென்ஸுக்கு அடியில் விதை)

டெசர்ட் ஸ்டாரிலேயே இரண்டு இனம் உண்டு. பூவைப் பார்த்துப் பிரிப்பது கடினம், விதைதான் சொல்லும். பத்து மடங்கு லென்ஸில் விதையின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். குட்டைச் செதில்களும் நீண்ட முட்களும் கலந்திருந்தால் மோனோப்டிலான் பெல்லியாய்டிஸ், அதாவது மொஹாவே டெசர்ட் ஸ்டார். சிறு கிண்ணமும், நுனியில் இறகு விரிந்த ஒரே ஒரு முள்ளும் இருந்தால் மோனோப்டிலான் பெல்லிடிஃபார்மே.

டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ போன்ற தேசியப் பூங்காக்களில் பறிக்கக் கூடாது. மண்டியிட்டு, செடியில் இருக்கும்போதே பாருங்கள். படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்றோடு நிறுத்திவிடுவதால்தான் பிறகு பெயர் சொல்ல முடியாமல் போகிறது. பக்கவாட்டில் ஒன்று, இதழின் அடியில் ஒன்று, இலை ரோமத்துக்கு ஒன்று, அளவுக்கு விரலை வைத்து ஒன்று வேண்டும். நேர்வெயிலில் வெள்ளை இதழ்கள் ஒன்றாகக் கரைந்து எண்ண முடியாது. உங்கள் நிழலைப் பூவின் மேல் விழவிட்டு எடுங்கள். விதை முற்றவில்லையா? 'மோனோப்டிலான்' என்று பேரினத்தோடு எழுதி நிறுத்துங்கள், அது முழுச் சரியான பதில்.