அமுச்சிக்கு மறதியா, கண்ணில் புரையா?

[திரை: சந்தை. சுருக்குப்பையிலிருந்து வெளிவரும் மஞ்சள் தாள்]

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வாரச்சந்தை. எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, 20 ரூபாய் என்று நினைத்து 200 ரூபாய்த் தாளை நீட்டிவிட்டார். தக்காளிக்காரர் நல்ல மனுசர். "ஆத்தா, இது எறநூறுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே வீட்டில் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: "வயசாயிருச்சு, நெனப்பு தப்புது."

கண் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

[திரை: கண்ணுக்குள் வில்லை, மெல்லக் கலங்குகிறது]

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கிப் பழுப்பேறுவது. எதிரே வருவது யார் என்று தெரியாமல் பேர் சொல்லிக் கூப்பிடத் தயக்கம் வரும். அப்புறம் திண்ணைப் பேச்சுக்குப் போவதே நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு எல்லாமே மறதியாகத்தான் தெரியும்.

ஞாபகசக்தியைச் சோதிக்கும் 'எம்எம்எஸ்இ' தேர்வுக்கு 30 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கு மார்க் குறைந்தால் பழி மூளை மேலா?

சரி, கண் மங்கினால் மூளைக்கே கேடு உண்டா? 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், டிமென்ஷியா எனும் மறதி நோய் வராமல் தடுக்க நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாக, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவைப் புதிதாகச் சேர்த்தது. மொத்த டிமென்ஷியாவில் அதன் பங்கு சுமார் 2 சதவீதம்தான்.

[திரை: 3,038 புள்ளிகள்]

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 3,038 பேரைப் பல வருசம் தொடர்ந்து கவனித்தார்கள். புரை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஆப்பரேஷனுக்குப் போகிறவர்கள் முதலிலேயே தெம்பானவர்களாக இருக்கலாமே என்பீர்கள். நியாயமான கேள்விதான், அந்தச் சந்தேகம் முழுசாகத் தீரவும் இல்லை. ஆனால் கண் அழுத்த நோய்க்கு ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆப்பரேஷன், போன பார்வையைத் திருப்பித் தராது. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். எனக்கு இந்த இடம்தான் ஆய்விலேயே முக்கியமாகப் படுகிறது.

[திரை: சமையல்கட்டு, அண்ணாந்து பார்க்கும் அமுச்சி]

அமுச்சிக்கு முதல் கண் முடிந்தது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் சமையல்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, இத்தன ஒட்டடையிலயா இத்தன நாளுஞ் சோறாக்குனீங்க?"