பதினைந்து டாலர் சிறுகதை

நேயர்களுக்கு வணக்கம்.

எழுதுகிறவர்களுக்குத் துணை நிற்கும் உள்ளூர் அமைப்புகளைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, முதலில் என் நினைவுக்கு வந்தவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1947இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் பிறந்த அவர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிறர் வீடுகளில் வேலை செய்து அவரை வளர்த்த தாய், மகளுக்குப் பத்து வயதானபோது, அவள் கேட்டாள் என்பதற்காக ஒரு ரெமிங்டன் தட்டச்சுப் பொறியை வாங்கிக் கொடுத்தார்.

பள்ளி முடித்த பட்லர் பகலில் வேலைக்குப் போனார், இரவில் பசடீனா சிட்டி கல்லூரியில் படித்தார். அது ஒரு சமுதாயக் கல்லூரி. அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்பது, இரண்டாண்டுப் பட்டயமோ ஒரேயொரு பாடமோ, வேண்டியதைக் குறைந்த செலவில், வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் படிக்க இடம் தரும் பொதுக்கல்லூரி. கலிபோர்னியாவாசிகளுக்கு இன்றும் அங்கே ஓர் அலகுப் பாடத்துக்கு 46 டாலர்தான் கட்டணம். செவிலியர் பயிற்சிக்கும் கணக்குப் பதிவியலுக்கும் பக்கத்து அறையிலேயே சிறுகதை வகுப்பும் நடக்கும் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம். முதலாண்டிலேயே கல்லூரிச் சிறுகதைப் போட்டியில் வென்று பட்லர் பெற்ற பரிசு 15 டாலர். எழுதிச் சம்பாதித்த முதல் பணம் அதுவே.

1968இல் பட்டயம் பெற்றபின், திரைக்கதை எழுத்தாளர் சங்கம் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்திய பட்டறையில் எழுத்தாளர் ஹார்லன் எலிசனிடம் பயின்றார். அவருடைய தூண்டுதலால் 1970இல் பென்சில்வேனியாவில் நடந்த, அறிவியல் புனைகதை எழுதுவோருக்கான கிளாரியன் பட்டறைக்குப் போனார். ஆறு வாரங்கள் நடக்கும் அந்தப் பட்டறையில் கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வட்டமாக அமர்வார்கள். ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. நம் வாசகர் வட்டங்களில் கதையைவிடக் கதாசிரியரின் விளக்கம் நீண்டுபோவதைக் கேட்டுக் களைத்தவன் என்ற முறையில், இந்த ஒரு விதிக்காகவே அந்தப் பட்டறையை மெச்சுகிறேன். ‘நான் சொல்ல வந்தது அதுவல்ல’ என்று இடைமறிக்க வழியில்லாதபோதுதான், தாளில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது எழுதியவருக்கே தெரிய வருகிறது.

எழுதக் கற்றுக்கொடுப்பதைக் காட்டிலும், கதையைக் கொடுத்தாக வேண்டிய ஒரு தேதியையும், அதைப் படித்தே தீர வேண்டிய பத்துப் பேரையும் கொடுப்பதுதான் இத்தகைய இடங்களின் பெரிய உதவி என்பது என் கருத்து. ஆனால் பட்டறை முடிந்ததும் அந்தத் தேதியும் போய்விடுகிறது, அந்தப் பத்துப் பேரும் கலைந்துவிடுகிறார்கள். கிளாரியனில் இரண்டு கதைகளை விற்ற பட்லர், அடுத்த ஐந்தாண்டுகள் ஒன்றையும் விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பார்க்கும் வேலை செய்தார். விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976இல் வெளிவந்தது. 1995இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

அவருடைய குறிப்பேடுகள் இப்போது பசடீனாவை ஒட்டியுள்ள சான் மரினோவில், ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. கேட்பதற்குக் குழு இல்லாத ஆண்டுகளில், தனக்குத் தானே கெடு வைத்தும் ஊக்கம் சொல்லியும் அவர் கைப்பட எழுதிய வரிகள் அந்தத் தாள்களில் நிறைந்திருக்கின்றன.

நன்றி, வணக்கம்.