பிள்ளை மிருதங்கம் படிக்க, அப்பா தாளம் போட வேண்டும்

வணக்கம் மக்களே. இராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து பேசுகிறேன். கச்சான் காற்று எழும்பிவிட்டது, மைக்கில் இரைச்சல் விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கம் சொல்லித் தருகிற என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இதுதான்: "பிள்ளைக்கு ஆறு வயசுதான் ஆகுது சார், சேக்கலாமா?" தாராளமாகச் சேர்க்கலாம். பெண் பிள்ளை என்றாலும் சேர்க்கலாம், அதில் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அம்மா, அப்பா இரண்டு பேரில் ஒருவர் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும். வாசலில் இறக்கிவிட்டுப் போய், முடிந்ததும் வந்து கூட்டிப் போவது இந்த வயதுக்குப் போதாது. என்னிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உங்கள் வீட்டில்தானே?

இதைச் சொன்னால் அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். "எனக்கு என்ன சார் சங்கீதம் தெரியும்? நான் கடலுக்குப் போறவன்." அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்று ஒரு வயலின் ஆசிரியர் இருந்தார். 1898இல் நகோயாவில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மட்சுமோட்டோ என்ற ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லாக் குழந்தையும் தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசிவிடுகிறது, இசையும் அப்படி வரும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் பாட்டை வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார், எழுதி வைத்த இசைக்குறிப்பைப் படிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அவருடைய முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும், ஆரம்பப் பாடத்தை அவர்களும் வாசிக்கக் கற்க வேண்டும். வீட்டில் பெரியவர் வாசிப்பதைப் பார்த்தால் குழந்தைக்குத் தானாகக் கை துருதுருக்கும். கச்சேரி வாசிக்கிற அளவுக்கு அந்தத் தாய் தகப்பன் தேற வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் இராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மிருதங்க மேதை சி.எஸ்.முருகபூபதி இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா சித்சபை சேர்வையும் மிருதங்க வித்துவான். அண்ணன் சங்கரசிவம் பாட்டில் பெரிய ஆசான், டி.என்.சேஷகோபாலனின் குரு. ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேர். காலையில் கண் விழித்தால் காதில் தாளம் விழுகிற வீடு அது.

"அது வித்துவான் வீடு சார், நம்ம வீடு அப்படியா?" என்று கேட்பீர்கள். கரைவலை இழுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு அந்த இழுப்பிலேயே கால் மாற்றி வைக்கிறார்கள். ஒருவர் பிந்தினாலும் வலை கனத்துவிடும். அத்தனை பேரும் ஒரே காலப்பிரமாணத்தில், அதாவது ஒரே சீரான வேகத்தில், நிற்கிற அந்த வேலைக்குப் பெயர் தாளம்தான். அது உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

சரி, வீட்டில் என்ன செய்ய வேண்டும்? ஆதி தாளம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் 8 எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். இத்தோடு நான்கு. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்பிப் போடுவது. பிள்ளை மிருதங்கத்தைத் தொடும் முன்னே, நீங்கள் தாளம் போட, அது வாயால் "தகதிமி தகஜொணு" சொல்லட்டும். வாயில் வராத சொல் கையில் வராது. வாயில் பிசிறில்லாமல் வந்த பிறகு வாசிக்கலாம். காலம் என்றால் வேகம்; த, க, தி, மி ஒவ்வொன்றும் ஒரு சொல். முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. உங்கள் தட்டு மட்டும் எதிலும் மாறக் கூடாது. பிள்ளை ஓடினாலும் நீங்கள் ஓடாதீர்கள், அது தானே வந்து சேர்ந்துகொள்ளும்.

இடையில் நிறுத்தித் திருத்தவே கூடாது. திருத்துவது என் வேலை. "தப்பு, தப்பு" என்று நாலு தடவை கேட்ட பிள்ளை அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கும், காது மூடிக்கொள்ளும். சொந்தக்காரர்கள் வந்தால் "வாசிச்சுக் காட்டு" என்று உட்கார வைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் தினமும் போதும். கால் வலிக்கிறது என்றால் எழுந்து ஓட விடுங்கள்.

பெற்றோரை வகுப்பில் உட்கார வைத்தால் பிள்ளையின் கவனம் சிதறும் என்று சொல்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கண்ணாலேயே அதட்டுகிற அப்பா என்றால் அது உண்மைதான். அப்படிப்பட்டவரை நான் பிள்ளைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவேன்.

வாத்தியத்தைப் பார்த்துக்கொள்வதிலும் உங்கள் கை இருக்கட்டும். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலான தொப்பிக்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுகிறோமே, அதைச் சப்பாத்தி மாவு பிசைகிற அம்மாவைவிட யார் நன்றாகச் செய்யப்போகிறார்கள்? ரவை சரியாக ஒட்டினால்தான் "தொம்" ஆழமாக விழும். சாதகம், அதாவது பயிற்சி, முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள், காய்ந்து கிடந்தால் தோல் கெட்டுவிடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தரையில் வைக்காதீர்கள், உறை போட்டு உயரத்தில் வையுங்கள். சுருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். பிள்ளைக்கும் மே மாதம் பள்ளி விடுமுறை. அப்பாவும் பிள்ளையும் பகலில் ஒன்றாக வீட்டில் இருக்கிற காலம் வருடத்தில் இது ஒன்றுதான். கையில் காசு ஓட்டம் இல்லாத மாதம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் புது மிருதங்கம் வாங்க ஓடாதீர்கள். முதல் மாதம் வாய்ச்சொல்லும் கைத்தாளமும் மட்டும்தான், அதற்குச் செலவே இல்லை. பிறகு வாங்கும்போது சின்னக் கைக்கு ஏற்ற சிறிய அளவில் வாங்குங்கள். என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

தடை முடிந்து கடலுக்குப் போகும் முன், நீங்கள் ஆதி தாளம் எண்ணுவதைச் செல்போனில் பதிவு செய்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மெதுவாக ஒன்று, கொஞ்சம் வேகமாக ஒன்று. படகு கடலில் இருக்கிற நாளில் பிள்ளை உங்கள் குரலுக்கு வாசிக்கும். கடையில் வாங்குகிற மெட்ரோனோம் கருவியைவிட அப்பா குரலுக்குப் பிள்ளைகள் நன்றாகக் கட்டுப்படுகிறார்கள், என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

ஒன்பது, பத்து வயது வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். முதலில் வகுப்பில் வாசல் பக்கம் நகருங்கள், பிறகு வீட்டுச் சாதக நேரத்தைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அடுத்த வீடியோவில் ஆதி தாளத்தை மூன்று காலத்திலும் நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.