தங்கத்து மேல கட்டுன கிராஃபீன் பட்டை

வணக்கம் மக்களே! ஸ்கிரீன்ல ஒரு படம் போட்டிருக்கேன், பாருங்க. நீளமா ஒரு சங்கிலி, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி குமிழ் தெரியுதா? ஒரே பக்கத்துல ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 0.86 நானோமீட்டர்தான். எஸ்டிஎம்ல, அதாவது அணு அளவுல காட்டுற நுண்ணோக்கியில பார்த்தது. 2010ல சுவிட்சர்லாந்து எம்பா ஆய்வகத்துல ரோமன் ஃபாசெல் குழுவும், ஜெர்மனியில கிளாஸ் முல்லன் குழுவும் சேர்ந்து செஞ்ச வேலை.

கிராஃபீன்னா ஒரே ஒரு கார்பன் அணு தடிமன்ல இருக்குற தாள். அதுல எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு ஓடும். ஆனா பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி கிடையாது, அதனால டிரான்சிஸ்டர் போட்டா ஆஃப் ஆகாது. ரொம்பக் குறுகலா, பட்டையா நறுக்குனா கேப் வரும். ஆனா எதை வச்சு நறுக்குனாலும் ஓரம் பிசிறடிக்கும். அந்த அகலத்துல ஓரத்துல சில அணு கூடக்குறைய இருந்தாலே குணம் மாறிடும்.

அதனால இவங்க வெட்டல, கட்டுனாங்க. பைஆந்த்ரில்னு ஒரு மூலக்கூறு, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு புரோமின். அதை வெற்றிடத்துல சுத்தமான தங்கத்து மேல படிய விடுறாங்க. 200 டிகிரி செல்சியஸ்ல புரோமின் கழண்டு, மூலக்கூறுங்க நகர்ந்து போய் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். நீங்க பாக்குற சங்கிலி அதுதான். 400 டிகிரிக்கு ஏத்துனா ஹைட்ரஜன் உதிர்ந்து, ஜிப் இழுத்த மாதிரி மூடிக்கும். குமிழெல்லாம் படுத்துடும், உயரம் 0.4ல இருந்து 0.18 நானோமீட்டருக்கு இறங்கிடும். அகலம் சரியா 7 கார்பன் அணு வரிசை. ஓரத்துல பிசிறே இல்ல!

எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் ஒண்ணு இருக்கு. 2007லயே பெர்லின்ல லியோன்ஹார்ட் கிரில் குழு போர்ஃபிரின்ங்கிற வளைய மூலக்கூறை வச்சு காட்டிட்டாங்க: ஒரு புரோமின் இருந்தா ஜோடி, எதிரெதிரா ரெண்டு இருந்தா சங்கிலி, நாலு இருந்தா வலை. கடைசியில என்ன வடிவம் வரணும்னு வேதியியலாளர் குடுவையிலயே முடிவு பண்ணிடுறாரு.

ஆனா ஒண்ணு. கட்ட உதவுற தங்கமே பிறகு தடையா நிக்குது. கீழ உலோகம் இருந்தா கரண்ட் அதுலயே போயிடும். பட்டையை எடுத்து சிலிக்கான் ஆக்சைடு மாதிரி கரண்ட் கடத்தாத பொருள் மேல மாத்தணும். 2017ல 9 அணு அகலப் பட்டையை அப்படி மாத்தி டிரான்சிஸ்டர் செஞ்சாங்க. ஆன் கரண்ட், ஆஃப் கரண்ட்டை விட சுமார் 1 லட்சம் மடங்கு! இப்ப சிக்கல் எலக்ட்ரோடு, அதாவது கரண்ட் கொடுக்குற உலோக முனை, பட்டையைத் தொடுற இடத்துல. எலக்ட்ரான் உள்ள நுழையவே அங்க திணறுது. இந்தத் துறையில புதுசா பேப்பர் வந்தா நான் முதல்ல தேடிப் படிக்கிறது அந்தப் பகுதியைத்தான்.