நடைபாலத்தில் ஒரு திண்ணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலையிலிருந்து நேராக வந்து, இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத சிறப்பு விருந்தினர் அவர்களே, இந்தியர் நற்பணிச் செயற்குழு நண்பர்களே, எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துவிடும் மூத்தோரே, பின்னால் வடை அடுக்கிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் நேரத்தில் திட்டிக்கொள்ளலாம்.

நம் சிங்கப்பூரில் கட்டடங்களை இணைக்கும் நடைபாலங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரலாறு, வடிவமைப்பு, பராமரிப்பு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நம் பாலங்களும் அப்படித்தான் வளர்ந்தன. 1964இல் காலியர் கீயில் முதல் நடைபாலம் வந்தபோது, சாலையைக் கடந்தால் போதும் என்றிருந்தது. 1973இல் அதே பகுதியில், சேஞ்ச் அலி கடைச்சந்தையும் கிளிஃபர்ட் பியர் படகுத்துறையையும் இணைத்த பாலத்தின் மேலேயே கடைகள் வந்துவிட்டன. 2009இல் டக்ஸ்டன் பினக்கிள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு புளோக்குகளை 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் கோத்துவிட்டார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1962 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் பாலம் போட்டது குளிருக்குப் பயந்து. நமக்கு வெயிலும் மழையும். ஜூரோங் ஈஸ்டில் ரயிலைவிட்டு இறங்கினால் குடை விரிக்காமலே கடைத்தொகுதிக்கும் மருத்துவமனைக்கும் போய்விடலாம்.

சரி, என் மாமியார் கதைக்கு வருகிறேன். மன்னார்குடியிலிருந்து வந்தவரை ஒருநாள் இப்படியொரு பாலத்துக்கு அழைத்துப்போனேன். எந்தப் பாலம் என்று கேட்காதீர்கள். பாதி தூரம் போனதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “மாப்பிள்ளை, எல்லாம் பளபளன்னு இருக்கு. உட்கார ஒரு திண்ணை இல்லையே?” என்றார். “அத்தை, அடி மேல் அடி வைத்தால்...” என்று ஆரம்பித்தேன். அம்மி நகர்ந்திருக்கும், அத்தை நகரவில்லை. பையிலிருந்த தமிழ் முரசை விரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி வந்தார். எழுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்! அப்புறம் அத்தை எழுந்து, கீழே ஓடும் பேருந்துகளை ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்தார். திரும்பினால் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்தில், இடம் பிடித்த பெருமையோடு ஒரு சீனப் பாட்டி!

சிரிக்கிறீர்கள். அந்தப் பாட்டிக்கும் முழங்கால்தானே வலித்தது? மின்தூக்கி வைக்கிறோம், கூரை போடுகிறோம், ஓரத்தில் காகிதப்பூச் செடிகூட வளர்க்கிறோம். நூறு அடிக்கு ஒரு பெஞ்சு போட்டால் என்ன? நான் இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டேன். அடி மேல் அடி!

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வடிவமைப்பும் பராமரிப்பும் இன்னொரு நாள். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் என் நான்காவது மனு இருக்கிறது. முதலில் கையெழுத்து, பிறகு வடை. போன தடவை தாள் முழுக்க எண்ணெய்.