பூட்லோடரிடம் மெமரி கணக்கைச் சொல்வது யார்?

[திரையில்: சீரியல் கன்சோல், வேகம் 115200]

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் போர்டு டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இந்தத் திரை பழக்கம்தான். போர்டைக் கிளப்பி லினக்ஸ் கர்னலை ஏற்றும் பூட்லோடரான யூ-பூட் ‘டிரேம் 1 ஜிபி’ என்று ஒரு வரி போடுகிறது. அப்புறம் பேச்சு மூச்சே இல்லை. போர்டில் இருப்பதோ 512 எம்பி சிப். அந்த 1 ஜிபி எங்கிருந்து வந்தது?

டிவைஸ் ட்ரீயிலிருந்து, அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவைத்த விவர ஃபைலிலிருந்து. பல போர்டுகளில் யூ-பூட் மெமரியை அளப்பதே இல்லை. வீட்டு கெரானில் (பட்டாவில்) எழுதிய சதுர அடியை நம்புகிற மாதிரி, அந்த ட்ரீயில் மெமரியைச் சொல்லும் பகுதியான மெமரி நோடில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

[திரையில்: கியூஎமு]

போர்டு இல்லாமலே பார்க்கலாம். கியூஎமு என்ற எமுலேட்டரின் ஆர்ம் ‘விர்ட்’ மெஷினை 512 எம்பி மெமரியோடு ஓட்டி, ‘டம்ப் டிடிபி’ ஆப்ஷனால் ட்ரீயை ஒரு ஃபைலில் இறக்குங்கள். டிடிபி என்பது ட்ரீயின் பைனரி வடிவம். டிவைஸ் ட்ரீ கம்பைலரான டிடிசி கருவியால் அதைப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றினால், மெமரி நோடின் ‘ரெக்’ வரியில் நான்கு ஹெக்ஸ் எண்கள்: 0, 40000000, 0, 20000000. முதல் இரண்டும் சேர்ந்து தொடக்க முகவரி, அடுத்த இரண்டும் அளவு. ஹெக்ஸ் 20000000 என்றால் 512 எம்பி.

இரண்டிரண்டாகச் சேர்க்கச் சொல்வது ட்ரீயின் உச்சி நோடான ரூட்டில் இருக்கும் ‘அட்ரஸ் செல்ஸ்’, ‘சைஸ் செல்ஸ்’. இரண்டும் 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருந்தால்? அதே வரி இரண்டு பேங்காக, அதாவது இரண்டு தனி மெமரித் துண்டுகளாகப் படிக்கப்படும். முதல் பேங்க் முகவரி 0, அளவு 40000000, அதாவது 1 ஜிபி! எண் ஒன்றுகூடத் தப்பில்லை, கணக்கு மட்டும் தப்பு. வேறு போர்டின் ஃபைலிலிருந்து நோடை வெட்டி ஒட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

[திரையில்: முகவரி வரைபடம், 40000000 முதல் 80000000 வரை]

குறைத்து எழுதினால் பெரிய ஆபத்தில்லை, பாதி மெமரி வீணாகும், அவ்வளவே. கூட்டி எழுதினால்தான் வினை. யூ-பூட் தன்னையே மெமரியின் உச்சிக்கு நகலெடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓடும். உச்சி 80000000 என்று அது நினைக்கிறது, சிப்போ 60000000இலேயே முடிந்துவிடுகிறது. இல்லாத இடத்துக்குத் தாவியதும் போர்டு உறைந்துவிடும். சில மெமரி கன்ட்ரோலர்கள் முகவரியின் மேல் பிட்டைக் கண்டுகொள்ளாமல் கீழ்ப் பாதியிலேயே எழுதிவிடும். இது இன்னும் மோசம்: கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, கர்னலை ஏற்றும்போது சாகும். நீங்கள் கர்னலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இதற்காகவே யூ-பூட்டில் ‘கெட் ரேம் சைஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இரட்டித்துக்கொண்டே போகும் முகவரிகளில் அடையாளம் எழுதித் திரும்பப் படித்து, ஓர் இடத்தில் எழுதியது இன்னோர் இடத்தில் தெரிகிறதா என்று பார்க்கும். ஒரே ஃபர்ம்வேரில் 512 எம்பி, 1 ஜிபி இரண்டு ரகமும் போகிறதென்றால், ஃபைலை மட்டும் நம்பாமல் இதையும் சேர்ப்பதே நல்லது.

[திரையில்: யூ-பூட் பிராம்ட், ‘பிடி இன்ஃபோ’]

‘பிடி இன்ஃபோ’ கட்டளை, யூ-பூட் நம்பும் தொடக்கத்தையும் அளவையும் காட்டும். லினக்ஸ் வந்தபின் ப்ராக் (/proc) அடைவில் டிவைஸ் ட்ரீக்குள் அதே ‘ரெக்’கைப் பாருங்கள். பைட்டுகளை ஹெக்ஸில் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையைச் சும்மா ஓட்டினால் பைட்டுகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரியும், அதனால் பெரிய ‘சி’ ஆப்ஷன் போடுங்கள்.

கர்னலின் டிடிபியைத் திருத்தியும் அளவு மாறவில்லையா? மாறாது. ஆர்ம் போர்டுகளில் கர்னலிடம் ஒப்படைக்கும் முன் யூ-பூட் அந்த மெமரி நோடைத் தன் கணக்கால் மேலெழுதிவிடுகிறது. திருத்த வேண்டியது யூ-பூட்டோடு வரும் டிடிபியை.